கழிக்காத நாலு புள்ளி

பம்ப் உறை வார்க்கும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கொள்கை: அளந்த எண் எதையும் கழித்துப் போடக் கூடாது. கோணலாக வந்த உறையின் அளவும் ஏட்டில் இருக்க வேண்டும். “இது ஏதோ தப்பா வந்துருச்சுங் சார், உட்டுரலாம்” என்ற எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அதில் பெருமையும் உண்டு.

வீட்டுக் கணினியில் இரண்டு அட்டவணைகள் வைத்திருந்தேன். ஒன்று உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கு. ஜூனிலும் நவம்பரிலும் புதுப் பட்டியல் வரும்; நான் புள்ளி வைப்பேன்; கோடு சமர்த்தாக மேலே போகும். இன்னொன்று என் மகள் பிரீத்திகா கார் பந்தயத்தில் வாங்கும் புள்ளிகளுக்கு. அந்தக் கோடு மேலும் கீழும் போகும்.

“அந்த மிசினு நீங்க பாத்தாலும் ஏறுது, பாக்காட்டியும் ஏறுது. புள்ளைய உட்டுருங்க,” என்பாள் மனைவி சாந்தாமணி.

இந்த வருடம் ஐந்து பந்தயங்கள். நான்கு முடிந்தபோது என் கணக்கில் பிரீத்திகா 32, அவளுக்கு அடுத்து வந்த மதன்குமார் 28. முதல் பந்தயத்தில் அவன் வண்டி நின்றுபோய்ப் பூஜ்யம். கடைசிப் பந்தயத்தன்று காலை, செட்டிபாளையம் பந்தயத் தடத்தில், ஹெல்மெட்டை எடுத்தவளிடம் சொன்னேன்.

“கண்ணு, அவனை முந்தவே வேண்டாம். பின்னாலயே ஒட்டிட்டு வந்தாப் போதும், பட்டம் நமக்குத்தான்.”

“உறுதிதானுங்களாப்பா?”

“கம்ப்யூட்டர்ல இந்தப் பந்தயத்தைப் பத்தாயிரம் வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன்.”

பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் ஜபருல்லா. உக்கடத்தில் டயர் கடை. பிரீத்திகாவின் வண்டிக்கு டயர் அவர்தான் கொடுப்பார். ஆறு சுற்று மீதியிருந்தது. மதன்குமார் மூன்றாவது, அவன் வாலிலேயே பிரீத்திகா நான்காவது.

“ஏனுங்கண்ணா, அம்மணி முந்தாமயே வருதே?”

“நான்தான் வேண்டாம்னேன். நாலு புள்ளி முன்னால இருக்கறோமல்ல?”

“அதுல மோசமான ஒண்ணைக் கழிச்சுப்போடுவாங்களே!”

விதித்தாளை நீட்டினார். ஐந்தில் சிறந்த நான்கு பந்தயங்களே கணக்கு. நான் அதைப் படிக்கவே இல்லை. கழிப்பார்கள் என்று எனக்குத் தோன்றினால்தானே படிக்க?

மதன்குமார் கழிப்பது பூஜ்யம். அவனுக்கு நஷ்டமே இல்லை. பிரீத்திகா கழிப்பது, போன மாதம் ஐந்தாவதாக வந்து வாங்கிய நாலு. மூன்றாம் இடத்துக்கு ஆறு, நான்காம் இடத்துக்கு ஐந்து. இப்படியே முடிந்தால் அவன் 34, இவள் 33. ஒரே ஒரு தடவை முந்திவிட்டால் இவள் 34, அவன் 33. வினாடிக்குக் கோடி கோடி கணக்குப் போடும் இயந்திரங்களைக் கண்காணிப்பவன், ஒரு வருடமாக ஒரு கழித்தலைப் போடவில்லை.

அவளுடைய மெக்கானிக் கிருபாசங்கருக்கு போன் அடித்தேன். அந்த இரைச்சலில் எங்கே கேட்கும்? படியிறங்கி ஓடினேன். வாசலில் காவலர் மறித்தார்.

“பாஸ் இருக்குங்களா?”

“எம் புள்ளைங்க அது! ஒரு வார்த்தை சொல்லோணும்!”

“உள்ள ஓட்டறது எல்லாருமே யாரோ ஒருத்தர் புள்ளைதானுங்க.”

கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, “முந்து கண்ணு!” என்று கத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் கத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவள் என் பேச்சைத் தட்டாமல், பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள். இருபத்தோரு வயதில் அவள் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

கொடி விழுந்தது. 34, 33.

கதவு திறந்ததும் போனேன். கிருபாசங்கர் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். முகம் வேர்த்திருந்தது, வேர்வை மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

“கண்ணு, நான்…”

“விடுங்கப்பா. நீங்க சொன்னதையெல்லாம் நான் எங்க கேட்டேன்? கடைசி ஆறு சுத்தும் முந்தத்தான் பாத்தேன். டயரு தேஞ்சு போயிருச்சு, முடியல.”

சுவரில் சுற்று நேரங்களை ஒட்டியிருந்தார்கள். பார்க்காமல் இருக்கலாம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எட்டாவது சுற்றில் அன்றைய தினத்தின் மிக வேகமான நேரம் அவளுடையதுதான். மதன்குமாரைப் பிடித்த பிறகு, கடைசி ஆறு சுற்றும் அவனுடைய நேரமே அவளுடைய நேரம். முந்தப் பார்க்கிறவளின் எண்கள் இவ்வளவு ஒழுங்காக வராது. டயர் போனவளின் எண்களும் வராது.

திரும்பி வந்தேன். ஜபருல்லா குனிந்து அவள் வண்டி டயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“டயருதான் கண்ணு,” என்றேன்.

ஜபருல்லா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஆமாங் அம்மணி,” என்றார். “இந்த வாட்டி வந்த சரக்கே சரியில்லீங்க.”