வண்டி ஏறாத மலைக்கு நான்கு டயர்கள்

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. மின்விசிறிக் காற்று எல்லோர் மேலும் படட்டும். ஐஸ்காரி மாலிவான் நான்கு டயர் வாங்கக் கிளம்பி ஒரு வாரம் நிலைகொள்ளாமல் அலைந்த கதையைச் சொல்லப் போகிறேன். டயரில் என்ன கதை இருக்கும் என்று சிரிக்காதீர்கள். முதலில் கேளுங்கள், சிரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சியாங்ராய் நகரில் சந்தைப் பக்கம் குடியிருந்தவள் மாலிவான். ஐம்பத்திரண்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். விடிவதற்குள் ஐஸ் தொழிற்சாலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நூடுல்ஸ் கடை, மீன் கடை, கோயில் அன்னதானக் கூடம் என்று தன் பழைய பிக்கப்பில் சுற்றிச் சுற்றி இறக்குவாள். பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அந்த ஈரக் கோட்டைப் பார்த்தே அவள் எந்தத் தெருவில் திரும்பினாள் என்று சொல்லிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் தாரிகா போன் செய்தாள். தாரிகா மலைமேல் ஹுவைலோம் கிராமத்தில் சுகாதார நிலைய நர்ஸ். அங்கேயே காப்பி பயிரிடும் ஆசா என்ற 'அகா' மலைப் பழங்குடிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"அம்மா, வீடு கட்டி முடிச்சாச்சு. வர்ற சனிக்கிழமை புது வீட்டுக்குள்ள போறோம்."

"அப்படியா. நல்லது."

"நீ சிரமப்படாத. மழை இன்னும் விடல. ரோடு மோசமா இருக்கு."

"ஆமா. அந்த ரோட்ல என் வண்டி எங்க ஏறும்."

"அதான் நானும் சொன்னேன்."

"சரி. நல்லபடியா நடக்கட்டும்."

போனை வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். எங்கள் பக்கம் புது வீட்டுக்குள் சோற்றுப் பானை ஒரு பெரியவர் கையால்தான் போகவேண்டும். பெண்ணைப் பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அந்தப் பானையை வேறொருத்தி தூக்கினால் ஊர் வாயைத் திறக்காது. ஆனால் பார்க்கும்.

கல்யாணத்தன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பெரிய மழை. கடைசிப் பதினொரு கிலோமீட்டர் செம்மண் பாதை வெண்ணெய் மாதிரி வழுக்கியது. பட்டன் தேய்ந்த மொட்டை டயரோடு போன வண்டி குறுக்கே திரும்பி நின்றுவிட, பத்துப் பேர் தள்ளித்தான் ஏறியது. பட்டுப் பாவாடை முழுக்கச் சேறு. ஏற்கெனவே அந்தச் சம்பந்தம் பிடிக்காமல் வெந்துகொண்டிருந்தவள், கல்யாண வீட்டு முற்றத்தில் எல்லோர் காதிலும் விழும்படி கத்திவிட்டாள்: "இனிமே இந்த மலைக்கு என் வண்டி ஏறாது!" மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய தேநீரைக் கூட வாங்கவில்லை.

அதற்குப் பிறகு மகள்தான் வருஷத்துக்கு இரண்டு முறை கீழே வந்து போனாள். இவள் ஏறவே இல்லை. யார் கேட்டாலும் ரோடு மேல் பழி போட்டாள்.

திங்கட்கிழமை ஐஸ் இறக்கி முடித்த கையோடு செங் அண்ணன் டயர் கடைக்குப் போனாள். செங் அறுபதைத் தாண்டியவர். வாய்தான் அவருக்குப் பாதி மூலதனம்.

"வண்டி எங்கல்லாம் ஓடுது தங்கச்சி?"

"டவுன்லதான் அண்ணே. தெருத் தெருவா."

"அப்ப ஹைவே டயர் போடு. சத்தம் இருக்காது, டீசல் குடிக்காது, ஈர ரோட்ல பிரேக்கு மிதிச்சா நின்ன இடத்துல நிக்கும்."

"மண் ரோட்லயும் போற மாதிரி ஒரு ரகம் இருக்காமே. ஏ.டி. டயர்னு."

"இருக்கு. எந்த மண் ரோடு?"

"ஒரு மலை."

"எந்த மலை?"

பெயரைச் சொன்னால், 'உன் பொண்ணு இருக்கிற ஊராச்சே, இன்னுமா போகல?' என்று கேட்பார். மாலிவான் ஒரு டயரைத் தடவிப் பார்ப்பது போல் குனிந்துகொண்டாள். "மலைன்னா மலைதான் அண்ணே."

"வருஷத்துக்கு எத்தனை வாட்டி போவ?"

"ஒரு வாட்டி." கொஞ்சம் கழித்து, "போனா" என்றாள்.

செங் சிரித்தார். "ஒரு நாளுக்காக வருஷம் பூரா உய்யின்னு கத்துற டயரைக் கட்டிக்கிட்டு அலையப் போறியா? வயலுக்குப் போடற பூட்ஸோட சந்தைக்கு வர்ற மாதிரி இருக்கும்."

"அப்ப அது?" பட்டன் பட்டனாகப் புடைத்துக்கொண்டு நின்ற ஒன்றைக் காட்டினாள்.

"ஐயோ, அது சுத்த சேத்து டயர். அதைப் போட்டுக்கிட்டு நீ சந்தைக்குள்ள வந்தா, ஹெலிகாப்டர் வருதுன்னு எல்லாரும் மேல பாப்பாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். ராத்திரி புரண்டு படுத்தாள். ஹைவே டயர் போட்டால் போகப் போவதில்லை என்று அர்த்தம். ஏ.டி. டயர் போட்டால் போகாமல் இருக்கச் சாக்கே இல்லை. ரப்பரில் இப்படி ஒரு சிக்கல் இருக்கும் என்று யார் கண்டது?

செவ்வாய்க்கிழமை நேராகப் போய், "ஏ.டி.தான். நாலும். ஐஸ் பாரம் தாங்கணும், பக்கம் கெட்டியா இருக்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். செங் உருட்டிக்கொண்டு வந்தார். பளபளவென்று இருந்தது. அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பக்கச் சுவரில் ஒரு சிறிய கட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சாகியிருந்தன: 2525.

மாலிவான் நிமிர்ந்தாள். "அண்ணே, இது எந்த வருஷம்?"

"இந்த வருஷமா? நம்ம புத்த வருஷக் கணக்குல 2568. ஏன்?"

"அப்ப இது நாப்பத்திமூணு வருஷத்து டயரு! நான் பள்ளிக்கூடம் போன காலத்துல செஞ்சதை மெழுகு பூசி என் தலையில கட்டப் பாக்கிறீங்களா? பொம்பளைன்னா ஏமாந்துடுவான்னு நினைச்சீங்களா?"

செங் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டாள். உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூட. டயர் கிடைக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்?

புதன்கிழமை நூடுல்ஸ் கடை சூலீயிடம் இதைக் கைகால் ஆட்டிச் சொன்னாள். சூலீ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி அக்கா! அது நம்ம புத்த வருஷம் இல்ல. முன்னாடி ரெண்டு எண்ணு வாரம், பின்னாடி ரெண்டு எண்ணு வெள்ளைக்கார வருஷம். 2025-ல இருபத்தஞ்சாவது வாரம். நாலு மாசத்துக் குழந்தை அது!"

மாலிவானுக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரரும் போன வருஷம் இதே சண்டையைப் போட்டுட்டு வந்தாரே!"

இனி எந்த முகத்தோடு செங் கடைக்குள் நுழைவது? எங்கள் மக்களுக்கு ஒரு குணம் உண்டு, கிரெங்ஜாய் என்போம். அடுத்தவர் மனம் சங்கடப்பட்டுவிடுமோ என்று கூசிக் கூசி, சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு வேறு எதையோ சொல்வது. மன்னிப்புக் கேட்டால் அவர் சங்கடப்படுவார், கேட்காவிட்டால் இவளுக்குச் சங்கடம். வியாழக்கிழமை அந்தக் கடையை மூன்று முறை கடந்து போனாள். வெள்ளிக்கிழமை நான்காவது முறை போகும்போது செங் தெருவில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி! அந்தக் கிழட்டு டயரு இன்னும் உசுரோட இருக்கு. வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போ. கடைப் பசங்க அத்தனை பேரும் கடைசியில 525 வர்ற லாட்டரிச் சீட்டா வாங்கி வெச்சிருக்கானுங்க. விழுந்தா உனக்கும் பங்கு."

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் நீர் இருந்தது. "மாட்டுங்க அண்ணே," என்றாள்.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினாள். பின்னால் பன்னிரண்டு மூட்டை ஐஸ், மேலே கனத்த கம்பளி. பக்கத்து இருக்கையில் ஒட்டரிசி வேகவைக்கும் புதுப் பானை, பெல்ட் போட்டு. தார் ரோட்டில் டயர்கள் தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தன. வளைவுகளில் ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது. அவள் வாய் ஓயவில்லை. 'மாப்பிள்ளையோட அம்மா முகத்தை எப்படிப் பாக்கிறது? பொண்ணு வரவேண்டாம்னுதானே சொன்னா? சேத்துல மாட்டினா யாரைக் கூப்பிடறது?'

செம்மண் பாதை பிரியும் முனை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள்.

மண் இல்லை. வெள்ளை வெளேரென்று சிமெண்ட் ரோடு, ஒரு விரிசல் இல்லாமல், மலையைச் சுற்றி ஏறிக்கொண்டு போனது. ஓரத்தில் பஞ்சாயத்துப் பலகை. பதினொரு கிலோமீட்டர், பிப்ரவரி மாதமே வேலை முடிந்தது என்று எழுதியிருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பலகையை இரண்டு முறை படித்தாள். எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் போனில், 'ரோடு மோசம் அம்மா, ரோடு மோசம் அம்மா.' பெற்ற பெண்ணே பொய் சொல்லித் தன்னைத் தள்ளி வைத்திருக்கிறாள். இவள் பேசியதை அவள் மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. திரும்பிப் போய்விட வேண்டியதுதான்.

ஆனால் திருப்ப இடம் இல்லை, செல்லங்களே! ஒரு வண்டி அகல ரோடு. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பின்பக்கமாகவே இறங்கத் தைரியம் இல்லை. திருப்ப ஒரு விரிவான இடம் வரும் வரை மேலே போவோம் என்று ஏறினாள். இரண்டு கிலோமீட்டர் போயும் வரவில்லை. ஐந்து போயும் வரவில்லை. ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டே வந்தது.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, ஓரமாக ஒட்டி நின்றது. மருமகன் ஆசா. பின்சீட்டில் காலிப் பெட்டி. ஐஸ் வாங்கக் கீழே போய்க்கொண்டிருந்தான்.

மாலிவான் கண்ணாடியை இறக்கினாள். "ரோடு எப்ப போட்டாங்க?"

ஆசா குனிந்து டயரைப் பார்த்தான். "டயரு ரொம்ப நல்லாருக்கும்மா. புதுசா?"

"ரோடு எப்பன்னு கேட்டேன்."

"பட்டன் நல்ல ஆழம்."

"ஆசா!"

"பிப்ரவரிலம்மா." அவன் காது சிவந்துவிட்டது. "வாங்க. அவ வாசல்லதான் இருக்கா." மோட்டார் சைக்கிளைத் திருப்பி முன்னால் போனான். அவளும் பின்னாலேயே போனாள். வேறு வழி?

அவர்கள் புது வீட்டு முற்றம்தான் வண்டி திரும்பும் அளவு விரிந்த முதல் இடம். வண்டியை நிறுத்தியும் இஞ்சினை அணைக்கவில்லை. கை கியர் மேலேயே இருந்தது. தாரிகா கையில் அகப்பையோடு ஓடி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"அம்மா."

"ரோடு மோசம்னியே."

தாரிகா அகப்பையை மறு கைக்கு மாற்றினாள்.

"நான் வரக் கூடாதுன்னா நேரா சொல்லியிருக்கலாமே. எட்டு மாசமாவா ஒருத்தி ரோட்டைக் கெடுப்பா?"

"வரக் கூடாதுன்னு யாரு சொன்னா?" தாரிகாவின் குரல் உடைந்தது. "ரோடு போட்டாச்சுன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறமும் நீ வரலைன்னா நான் என்னம்மா செய்வேன்? எல்லாரும் கேப்பாங்க, ஏன் உங்க அம்மா வரலைன்னு. ரோடு மேல பழி போட்டா யாருக்கும் வலிக்காது. உனக்கும் வலிக்காது. அதனால அது கெட்டே கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாலிவான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தாள். முற்றம் முழுக்க ஜனம் நின்றிருந்தது, எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பது போல. மகள் தனக்காக ஒரு மோசமான ரோட்டை இத்தனை நாள் கட்டிக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

இஞ்சினை அணைத்தாள்.

பானையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி வந்தாள். கிரெங்ஜாய் அவளுக்கும் உண்டே! மெல்லக் கேட்டாள்: "வாங்க சம்பந்தி. வர்ற வழி ரொம்பக் கஷ்டமா இருந்துதா? மழையாச்சே."

முற்றமே காது கொடுத்தது. 'ஆமா, கஷ்டம்தான்' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. இரண்டு வருஷமும் அப்படியே மண்ணோடு போய்விடும்.

மாலிவான் தேநீரை வாங்கி நின்ற இடத்திலேயே குடித்தாள்.

"இல்ல சம்பந்தி. ரோடு நல்லாத்தான் இருக்கு. நான்தான் வராம இருந்தேன்."

ஆசாவின் அம்மா காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படியோரம் ஒதுங்கி வழி விட்டாள். மாலிவான் செருப்பைக் கழற்றிவிட்டு, பானையை இடுப்பில் ஏற்றி, மகளின் வீட்டுப் படியில் கால் வைத்தாள்.

உங்கள் வீட்டு அடுப்பிலும் பானை நிறையட்டும், செல்லங்களே. வர வேண்டியவர்கள் உங்கள் படியேறி வரட்டும். தாமதமாய் வந்தவருக்கும் உங்கள் கையில் ஒரு கிண்ணம் தேநீர் சூடாக இருக்கட்டும்.