மக்கீனின் காலுக்கு ஒரு சாட்சி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கண்டி பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தார். என் நெற்றி முன் சீட்டில் மோதிப் புடைத்தது. வீடு வந்து சேர்வதற்குள் கதை கிடைத்துவிட்டது. கை பரபரக்கிறது, உட்காருங்கள்.

2

1934. மகாவலி கரைபுரண்டோடிய ஒரு மாலையில், கட்டுகஸ்தோட்டை—

(அடித்துவிட்டேன். மழை பெய்தால் பழியை மழை வாங்கிக்கொள்ளும். நடந்தது பட்டப்பகலில், நல்ல வெயிலில்.)

மறுபடியும். அலவத்துகொடவிலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு வந்த பஸ், கட்டுகஸ்தோட்டை இறக்கத்தில் நிற்காமல் ஓடி மதிலில் மோதியது. ஒருவர் இறந்தார். டிரைவர் மக்கீன் பிழைத்தான். மதில் இடிந்துவிட்டது, இனி அங்கே நிற்காமல் ஓடினால் மகாவலி ஆறுதான்.

3

விசாரிக்க வந்தவர் விபத்து விசாரணை அதிகாரி தனபாலன். அவரைக் கொடியவராக்கப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. மூக்கு மட்டும் நசுங்கியிருந்த அந்த பஸ்ஸை வெறுமையாக அதே இறக்கத்தில் விட்டுப் பார்த்தார். பிரேக் ஜோராகப் பிடித்தது.

"நல்லாத்தானே பிடிக்குது, மக்கீன்? நீங்க மிதிக்கவே இல்ல."

"வல்லாஹி மிதிச்ச, தொர! பாரம் ஏறினா அது புடிக்கிறல்ல."

"அப்ப பாரம் ஏத்திப் பார்த்துடுவோம்."

பார்த்தீர்களா! இந்த இடத்தில் நான் கதிரையை விட்டு எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

4

ஆட்களின் எடைக்கு மணல் மூட்டைகள் ஏறின. ஓட்ட வேறு எந்த டிரைவரும் முன்வரவில்லை. மக்கீனே ஏறினான். அவன் மனைவி கைரியா ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நிண்டா ஒங்களுக்கு மறியல். நிக்காட்டி மௌத்து. நான் எதக் கேட்டு துஆ செய்ற?"

(மறியல் என்றால் சிறை, மௌத்து சாவு, துஆ பிரார்த்தனை. இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. அவளாகச் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.)

5

முடிவு ஒன்று: பஸ் நின்றது. மக்கீனை மறியலுக்கு— மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: நிற்கவில்லை. கடைசி நொடியில் மக்கீன் வெளியே குதித்து— சீ, சினிமாவுக்கு டிக்கட் வாங்கியவர்கள்கூட நம்பமாட்டார்கள்.

6

இன்னொரு சிக்கல். மிதிக்காமலே மிதித்தேன் என்று அவன் சொன்னால்? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவன் காலைப் பார்க்க வேண்டும். தனபாலன் ஏறப்போனார், நான் தடுத்தேன். அவர் தீர்ப்பை ஏற்கெனவே சொல்லிவிட்டவர். நானும் லாயக்கில்லை. மக்கீன் மீது எனக்குப் பிரியம் வந்துவிட்டது. கால் சும்மா இருந்தாலும் மிதித்தான் என்றே எழுதுவேன்.

நீங்கள்தான் மிச்சம். பக்கத்து சீட் காலி. எஞ்சின் உறுமுகிறது.

கைரியா இன்னும் கதவை விடவில்லை. எதைக் கேட்டு துஆ செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.