சத்தம் போதவில்லை

ஸ்பார்ட்டா சபையில் கையைத் தூக்குவதெல்லாம் கிடையாது. தொண்டைதான் ஓட்டு. எந்தப் பக்கத்துச் சத்தம் பெரிதோ அதுதான் தீர்ப்பு. கூட்டத்துக்குள் நின்று எவன் எதற்குக் கத்தினான் என்று யாருக்குத் தெரியும்? அல்காமெனஸ் நம்பி வந்ததே அதைத்தான்.

அவனுடைய ஒரே மகன் லபோதஸுக்கு இந்த வசந்தத்தில் இருபது வயது. போர் வந்தால் முதலில் போவது அவன் வயதுக்காரர்கள்.

“நம்ம கூட்டாளி மெகாராக்காரன் பூண்டை ஏதென்ஸ் சந்தையில விக்க விடலையாம். பூண்டுக்காகவா நாம சாகணும்?” என்று அல்காமெனஸ் பக்கத்தில் நின்ற திப்ரானிடம் கேட்டான். வருடக்கணக்காக, பதினைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் ஒரே பந்தியில் கறுப்புக் குழம்பு குடிக்கிற சிநேகிதன்.

“பூண்டு ஒரு சாக்குடா. தீவுங்க பூரா ஏதென்ஸ்காரனுக்குக் கப்பம் கட்டுது. இன்னும் பத்து வருசம் விட்டா நம்ம தலையில ஏறி உக்காருவான். ஏன், பயமா இருக்கா?”

“யாருக்குப் பயம்?”

“அதானே. நாளைக்கு உம் பையனைப் பந்தியில சேக்கறோம். பதினஞ்சு பேர்ல ஒருத்தன் வேண்டாம்னு ரொட்டி உருண்டையை நசுக்கிப் போட்டாலும் போச்சு. கோழை பெத்த பிள்ளைன்னு பேரு வராமப் பாத்துக்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பந்தியில் இடம் கிடைக்காதவன் அந்த ஊரில் மனிதனே இல்லை.

“ஏதென்ஸ் நம்மோட செஞ்ச சமாதான ஒப்பந்தத்தை மீறிடுச்சுங்கறவங்க கத்துங்க” என்றார் அதிகாரி. மீறியதென்றால் போர். மலை அதிர்ந்தது.

“மீறலைங்கறவங்க?”

அல்காமெனஸ் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினான். அவன் நினைத்ததைவிட நிறைய குரல்கள் கூடச் சேர்ந்தன.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். “எது பெருசுன்னு எனக்குத் தெரியல. மீறிட்டாங்கன்னு நினைக்கறவங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. மத்தவங்க இந்தப் பக்கம்.”

கூட்டம் பிளந்தது. திப்ரான் நாலடி நடந்து திரும்பினான். பந்தியின் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னடா, கால் மரத்துப்போச்சா?”

இங்கேயே நின்றால் மகன் நாளைக்கே செத்தவனுக்குச் சமம். அங்கே போனால் கொஞ்ச நாள் கழித்து நிஜமாகவே சாவான். அல்காமெனஸ் நடந்தான். சற்றுமுன் அவனோடு சேர்ந்து கத்தியவர்களும் ஒவ்வொருவராக அதே பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முப்பது வயதாகாதவர்களுக்குச் சபையில் இடமில்லை. லபோதஸ் வெளியே காத்திருந்தான்.

“போர்தானே அப்பா?”

“ஆமா.”

“நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?”

“போர்ப் பக்கம்தான்.”

மகன் முகமெல்லாம் சிரிப்பாக அவனைக் கட்டிக்கொண்டான். அல்காமெனஸுக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளக் கை எழவில்லை.