முனியம்மா வீட்டுப் பூசணம்

என் காலை வெட்டுவதா வேண்டாமா என்பதை எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்து ஊறுகாய்ச் சாடிகள்தான் முடிவு செய்யும் என்று எவனாவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அவன் வாயிலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளக் கிடங்கு போட்டிருந்த சமயம் அது. நான் அங்கே பெட்டி தூக்குகிற கூலி. ஒருநாள் அடுக்கு சரிந்து, பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. கூலிக்காரர்களுக்கென்று ஒரு கீற்றுக்கொட்டகை ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். டாக்டர் வீரராகவன் புண்ணில் வெள்ளைப் பொடியைத் தூவினார். அப்போதெல்லாம் எந்தப் புண்ணுக்கும் அந்தப் பொடிதான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பூந்தமல்லி லாரி டிரைவர் உஸ்மான் கனிக்கு அதே பொடியில் கை ஆறிவிட்டது. எனக்கு மட்டும் கால் வீங்கிச் சீழ் கட்டியது.

"எத்திராஜ், உன் புண்ணுல இருக்கற கிருமி இந்தப் பொடிக்குப் பழகிடுத்து. இனிமே அதுக்கு இது ஒண்ணும் பண்ணாது" என்றார் டாக்டர்.

"மாமியா திட்டுக்கு மருமவ பழகிக்கிற மாதிரிங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருதிருவென்று விழித்தார்.

பூசணத்திலிருந்து எடுத்த புது மருந்து ஒன்று சீமையிலிருந்து வந்துகொண்டிருந்ததாம். அது சிப்பாய்களுக்கு மட்டும்தான். கூலிக்காரன் காலுக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் டாக்டர் தாமே பூசணம் தேடக் கிளம்பிவிட்டார். என் சீழை வழித்து, தோசைக்கு எண்ணெய் தடவுவது போலக் கண்ணாடித் தட்டுகளில் தடவினார். நடுவில் ஒரு துளி பூசணத்தை வைப்பார். அதைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக வட்டம் விழுந்தால் அதுதான் மருந்து. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த மனுஷன் முகத்திலோ பண்டிகைக் களை.

கிடங்கில் கிடந்த ரொட்டி, ஆரஞ்சு எதிலும் வட்டம் விழவில்லை. கால் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போனது. இப்படியே போனால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக் காலோடு எந்தப் பெட்டியைத் தூக்குவது? கடைசியாக, எங்கள் ஊரில் தண்டோரா போடச் சொன்னார். தண்டோரா போடுகிற துலுக்கானம் தெருத்தெருவாகப் போய்ப் பறையடித்தான்.

"ஊட்ல பூசணம் பூத்த ஊறுகா கீதா, பலகாரம் கீதா, எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு எடுத்தாங்க. எத்திராஜு காலு போவப் போவுது."

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் சாடியும் கையுமாகப் பெண்கள் வரிசை. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் முதல் சாடியைத் திறந்தார். எண்ணெய் மிதக்க, பளபளவென்று மாங்காய் ஊறுகாய். அடுத்ததும் அப்படியே. அத்தனையும் அப்படியே. பூசணத்தின் வாடைகூட இல்லை.

"நல்லா மோந்து பாருங்க டாக்டரே. எங்க ஊட்ல பூசணம்னு எவ சொன்னா? அவள இங்க இட்டாங்க" என்றாள் எங்கள் எதிர்வீட்டு முனியம்மா.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஊறுகாய் பூத்துப்போனால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கைசுத்தம் இல்லை என்று அர்த்தம். ஈரக் கையை விட்டாளாம், தீட்டோடு தொட்டாளாம். அந்த வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். தெருவில் பறையடித்துப் பூசணம் கேட்டதும், யாரோ தன்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டதாக ஒவ்வொருத்தியும் நினைத்துவிட்டாள். தன் வீட்டு மானத்தை நிரூபிக்கத்தான் இத்தனை பேரும் சாடி சுமந்து வந்திருந்தார்கள். அடக் கஷ்டகாலமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

என் பெண்சாதி தாட்சாயிணி கட்டிலோரம் நின்றிருந்தாள். "நம்ம ஊட்ல எதுனா கீதா?" என்று கேட்டேன். "நம்ம ஊட்ல ஏது பூசணம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உஸ்மான் கனி கஞ்சிக் கிண்ணத்தோடு சாடிசாடியாக ருசி பார்த்துக்கொண்டிருந்தான். "காலு உன்னுது மாமே, ஊறுகா என்னுது" என்று வேறு சொன்னான். எழுந்து உதைக்கலாமென்றால் உதைக்கிற கால்தான் படுத்திருந்ததே.

அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. "டாக்டரய்யா, அவங்கவங்க ஊட்டுப் பூசணத்தக் கேட்டா ஆயுசுக்கும் கெடைக்காது. அடுத்தவ ஊட்டுப் பூசணத்தக் கேளுங்க."

துலுக்கானம் மறுபடி பறையடித்தான். பொழுது சாய்வதற்குள் முந்தானையில் மறைத்து மறைத்து இலைப்பொட்டலங்கள் வந்து குவிந்தன. இது ஓரகத்தி வீட்டுத் தொக்கு, இது நாத்தனார் வீட்டு அதிரசம், எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பச்சை, கறுப்பு, சாம்பல், ரோஜா நிறத்தில்கூட ஒன்று. தாட்சாயிணியும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். "முனியம்மா ஊட்டு மாங்கா. கொல்லப்பக்கமாப் பூந்து எடுத்தாந்தேன்" என்றாள். டாக்டர் தட்டுக்குத் தட்டு வீட்டுப் பெயரை ஒட்டினார்.

சில நாள் கழித்து அவர் தட்டும் கையுமாக ஓடிவந்தார். பச்சைப் பொட்டைச் சுற்றி, துடைத்துவிட்ட மாதிரி வட்டம். மேலே ஒட்டியிருந்த பெயர் முனியம்மா வீடு. ஆனால் வேறொரு கறுப்புப் பூசணம் அதன்மேல் ஏறி முக்கால்வாசியை மூடிவிட்டிருந்தது. அதைப் பிரித்தெடுக்க முடியாது, புதுசாக வேண்டும் என்றார்.

முனியம்மாவைக் கூப்பிட ஆள் போனது. அவள் சாடியோடு மட்டுமா வந்தாள், தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கொல்லையில ஆளு ஒசரம் முள்ளுவேலி கீது. எவ பூந்தா? திருவேற்காட்டு ஆத்தா மேல ஆணை, எஞ்சாடில பூசணம் கெடையாது."

டாக்டர் சாடிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஒரு பொட்டுகூட இல்லை. பிறகு என் காலைத் தொட்டுப் பார்த்தார். தொடைவரை சூடு ஏறியிருந்தது. "இனிமே காத்திருக்க முடியாது எத்திராஜ். நாளைக்குக் காலம்பற எடுத்துடலாம்" என்றார் மெதுவாக.

ஊரையே அதட்டுகிற எனக்கே பயம். அத்தனை பேர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதேன்.

"அது எங்க ஊட்டு ஊறுகா" என்றாள் தாட்சாயிணி.

"இன்னாது?" என்றாள் முனியம்மா.

"எங்க ஊடு. எங்க சாடி. மேலேருந்து கீழ வரைக்கும் பூத்துக் கீது. போதுமா?"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனாள். கொஞ்ச நேரத்தில் சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்து வழியாக வராமல், பெரிய தெரு வழியாகவே நடந்து வந்தாள்.

டாக்டர் வெட்டுவதைச் சில நாள் தள்ளிப்போட்டு, அந்தப் பூசணத்தைக் கண்ணாடிப் புட்டித் தண்ணீரில் வளர்த்து, அந்தத் தண்ணீரில் துணி நனைத்து என் புண்ணில் கட்டிக்கொண்டே இருந்தார். முதலில் சூடு இறங்கியது. பிறகு வீக்கம் வடிந்தது. பூசணம் செய்ததா, என் நல்ல நேரமா என்று கேட்டால் அவரே உதட்டைப் பிதுக்கினார். எப்படியோ, ரம்பம் பெட்டிக்குள் போய்விட்டது.

அப்புறம்தான் கூத்து. "அது எங்க ஊட்டுப் பூசணம்தான், தாட்சாயிணி திருடிக்கினு போயிட்டா" என்று முனியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மற்ற பெண்களோ வேண்டுமென்றே ஈரக் கரண்டியை விட்டுச் சாடியைத் திறந்துபோட்டுப் பூக்கவைத்துக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். சோறு போடும்போது தாட்சாயிணியைச் சீண்டினேன். "ஊருக்கே ஊறுகா போடச் சொல்லிக் குடுக்கிறவ நீ. எப்பிடிப் பூக்க வுட்ட? ஈரக் கைய வெச்சியா?"

"தெனம் கிளறி வுடணும். நீ ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து நான் அந்தச் சாடியத் தொடவே இல்ல. எனுக்குச் சோறே எறங்கல, ஊறுகா எதுக்கு?"

இன்னொரு தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "நீயும் உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள்.