மெஹக்கின் முகத்திரை

திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் பக்கம் தொப்பியும் அத்தரும் விற்கும் அப்துல் கய்யூமுக்கு அந்த மாதம் தலைகால் புரியவில்லை. ஆறாவது படிக்கும் மகள் மெஹக், யாரும் சொல்லாமலே வெளியே போகும்போது முகத்தை மூட ஆரம்பித்திருந்தாள். அவள் அம்மா அமீனா பீகூட தலையை மட்டும்தான் மூடுவாள். பிள்ளைக்கு இந்த வயதில் இத்தனை மார்க்கப் பற்றா என்று பூரித்துப்போன மனிதர், தொப்பி வாங்க வந்தவர்களிடம் விலைக்கு முன்னால் இதைச் சொன்னார். பக்கத்துக் கடை பீர் முஹம்மது கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பாலவாக்கத்து அக்கா ஜமீலுன்னிசா புது முகத்திரை தைத்து, கூடவே ஒரு டப்பா தம்ரூட் இனிப்பும் அனுப்பினாள்.

வீட்டில் சாப்பிடும்போதும் மெஹக் துணியைத் தூக்கித் தூக்கி வாயில் வைத்தபோதுதான் அவருக்கு இடித்தது.

"வூட்ல யாரும்மா கீறாங்க? எடுத்துட்டு சாப்புடேன்."

மெஹக் பாதிச் சோற்றில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"மீசைங்க," என்றாள் அமீனா பீ, குழம்பை ஊற்றிக்கொண்டே.

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான். கை கால்லயும் முடி. கிளாஸ்ல ஒருத்தி போர்டுல இவ மூஞ்சிய மீசையோட வரைஞ்சிட்டாளாம். அன்னிலேர்ந்துதான் இந்தத் துணி. இன்னிக்குத்தான் சொல்லி அழுதா."

கய்யூம் தன் அடர்ந்த தாடியைத் தடவினார். அந்த முடி யார் கொடுத்த சொத்து என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அடையாறு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்ல, குடும்ப வாகு. எடுக்கலாம், அப்படியே விட்டாலும் தப்பில்ல. அவளையே கேளுங்க," என்றார். மெஹக் யோசித்து, உதட்டுக்கு மேலே மட்டும் எடுத்தால் போதும் என்றாள். டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி அமீனா பீ குட்டி டிரிம்மரால் எடுத்துவிட்டாள். பிள்ளை கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கே உயிர் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மெஹக் மறுபடி முகத்திரையைக் கட்டினாள்.

"இன்னும் இன்னாத்துக்கும்மா இது?"

"எனக்கு வேணாம் அத்தா. ஆனா நீங்க தெரு பூரா சொல்லிட்டீங்களே. இப்போ எடுத்தா உங்களத்தானே கேவலமாப் பேசுவாங்க?"

வாயைத் திறந்தவர் கய்யூம், மூடிக்கொண்டது பிள்ளை. முகத்திரையை அவரே அவிழ்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பீர் முஹம்மது கடைக்குப் போனார்.

"பாய், எம்பொண்ணு முகத்த மூடுறான்னு பெரும பேசினேன்ல? அவ மனசுல இன்னா கீதுன்னு கேக்காமலே பேசிட்டேன். தப்பு என்னோடது. இனிமே மூட மாட்டா."

"ஏன் பாய், இன்னா ஆச்சு?"

"அது அவ சமாச்சாரம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைப் படியேறினார். அங்கேயும் அதையே சொன்னார். அதற்கடுத்த கடையிலும் சொன்னார்.

மெஹக் அவர் கையை இழுத்தாள். "போதும் அத்தா, ஸ்கூலுக்கு லேட்டாவுது."

"இரும்மா, டீக்கடை பாக்கி கீது. அங்கதான் ரொம்ப சத்தமா சொன்னேன்."