இரண்டு அடைப்புக்குறிகள்

“ஒன்பதாவதோட நின்ன பொண்ணுக்குக் கறுப்புத் திரையில என்ன வேலை?” என்று முதலாளியின் மச்சான் ஒருமுறை பூனையிடம் கேட்டான். சாப்பாட்டு இடைவேளையில் கட்டளைத் திரையைத் திறந்து, கோப்பு தேடும் ‘ஃபைண்ட்’ பற்றிய உதவிப் பக்கத்தை அவள் அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல்லுக்கு அகராதியைப் புரட்டினாள். நடப்பதும் தெரியாது, பேசுவதும் கேட்காது என்றுதான் அந்தக் கட்டட வரைபட ஸ்கேன் கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர்.

மச்சானுக்குப் பெயர் ‘சிஸ்டம்’. எப்போதோ தன்னை வெளியே அனுப்பிவிட்ட கம்பெனியின் அடையாள அட்டையை இன்னும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பிரிண்டரில் காகிதம் சிக்கினால்கூட “சர்வர் லோடு” என்கிற மேதை.

அன்று காலை ஒரு பள்ளிக்கூட வரைபடத்தைக் காணோம். முந்தாநாள் ஸ்கேன் செய்தவள் பூனை. நடுவில் கரண்ட் போய் வந்ததில், வெறும் எண்ணோடு எந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்ததோ! பன்னிரண்டு மணிக்கு இன்ஜினியர் வருகிறார்.

சிஸ்டம் விரல்களைச் சொடுக்கிக்கொண்டான். ‘டிஃப், அல்லது பிடிஎஃப், ஐம்பது எம்பிக்கு மேல், மூன்று நாளுக்குள், காட்டு’ என்று, ஸ்கேன் கோப்புகளின் இரண்டு வகைகளையும் தேடச் சொல்லி ஒரே மூச்சில் ஃபைண்ட் கட்டளையைத் தட்டினான். இரண்டு பிடிஎஃப் வந்தன. இரண்டும் வேறு கட்டடம்.

“அவ்வளவுதான் மாமா. இந்த மகராசி அழிச்சுத் தொலைச்சுட்டா.”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நாளையிலேருந்து வர வேணாம்மா.”

இந்த வேலை போனால் அக்கா வீட்டுப் பாத்திரக் குவியல்தான் கதி. பூனை தன் பையை எடுக்கத் திரும்பினாள். ஆனால் திரையில் ஏதோ உறுத்தியது.

“சார்… நேத்து மட்டும் நாற்பது பெரிய டிஃப் போட்டேன். ஒண்ணுகூட வரலையே?”

“ஓஹோ! மேடம் பாடம் எடுக்கறாங்க!”

“சும்மா இரு மாப்ள. நீ சொல்லும்மா.”

“‘அக்கா வந்தா பாரு, இல்ல அண்ணன் வந்தா என்னைக் கூப்பிடு’ன்னு சொன்ன மாதிரி எழுதியிருக்காங்க சார். அக்கா வந்தாங்க, பார்த்தாச்சு. கூப்பிடச் சொன்னது அண்ணனுக்கு மட்டும்தானே? அளவு, நாள், காட்டுறது எல்லாமே பிடிஎஃப்போட ஒட்டிக்கிச்சு. ரெண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கணும்.”

“மேனேஜர் லெவல்ல அடைப்புக்குறியெல்லாம் யாரும் போடறதில்ல மாமா” என்றான் சிஸ்டம். அவன் எந்தக் காலத்தில், எங்கே மேனேஜராக இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பூனை நின்றபடியே குனிந்து, டிஃப்பையும் பிடிஎஃப்பையும் சேர்த்து ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் போட்டாள். ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு. எண்டர்.

திரை மளமளவென்று நிரம்பியது. நேற்றைய நாற்பதுக்குக் கீழே, ஸ்கேனரின் தற்காலிக ஃபோல்டருக்குள், ஒற்றை டிஃப். திறந்தாள். வகுப்பறைகள், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் பத்திரமாக இருந்தன.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடும்மா” என்றார் முதலாளி, முந்தைய பேச்சையே பேசாதவர் போல. பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். “ஏன் மாப்ள, இதுவும் சர்வர் லோடா?”

சிஸ்டம் எழுந்தான். கழுத்து அட்டை கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தான், கயிறு அறுந்து அட்டை கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்காமல் வெளியே போய்விட்டான்.