நர்சம்மாவுக்கு ஒரு பட்டாள ஜீப்பு

அந்த வருஷம் மட்டும் மூன்று குழந்தைகள் சுகிர்தபாய் வந்து சேரும்வரை பொறுக்காமல் பிறந்துவிட்டன. மூன்றாவது வீட்டில் அவளுக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்து, சும்மாதானே வந்தீர்கள் என்பதுபோல் பார்த்து அனுப்பினார்கள். மிஷன் ஆஸ்பத்திரி வேலையை விட்டு, பாறசாலையில் இருந்துகொண்டு தனியாகப் பேறுகாலம் பார்க்கத் தொடங்கி ஆறு வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.

அவள்மேல் குற்றமில்லை. ஐம்பத்து நாலாம் வருஷம் அது. மலையாளமும் தமிழும் பேசும் அந்தத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், சேர்க்கக் கூடாது என்று இன்னொரு கூட்டம். ஒரு நாள் பஸ் ஓடாது. ஓடுகிற நாளில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் கிடக்கும். காளைவண்டிக்காரன் மலைப்பக்கம் என்றால் வரமாட்டான். ஆகவே, யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்டுப் போன ஜீப்புகளில் ஒன்றை வாங்குவது என்று முடிவெடுத்தாள். சீட்டு எடுத்த பணமும் சேர்ந்து கையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் இருந்தது. அதற்குமேல் ஒரு சக்கரக் காசும் கிடையாது.

துணைக்குத் தம்பி தேவகுமார் வந்தான். மரச்சீனிக் கிழங்கு ஏற்றும் லாரியில் இரண்டு மாதம் இருந்தவன். அதனால் வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஜீப்பு பார்க்கப் போவதற்காகவே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருந்தான்.

முதலில் உதியன்குளங்கரையில் மரத்தடி வியாபாரம் செய்யும் சிவதாணுவிடம் போனார்கள். அவருடைய ஜீப்பு பச்சைப் பெயிண்டில் மினுமினுவென்று நின்றது. இருக்கையில் புதிய மெத்தை. ஹாரனை அமுக்கியதும் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து நின்றார். தேவகுமார் அதைச் சுற்றி வந்ததைப் பார்த்தால், பெண் பார்க்க வந்தவனைப் போலவே இருந்தது. விலை இரண்டாயிரம் என்ற சிவதாணு, நம்முடைய தமிழ் ஆளுக்கு என்றால் நூறு குறைப்பேன் என்றார். அவர்கள் உள்ளே வரும்போது வேறொருவரிடம் மலையாளத்தில் அதே நூறைக் குறைத்துக்கொண்டிருந்தது சுகிர்தபாயின் காதில் விழுந்திருந்தது. அவள் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

சிவதாணுவே ஓட்டினார். வண்டி அழகாகத்தான் போனது. பாறசாலை முக்கு வரும்போது எதிரே ஊர்வலம். இருநூறு பேர் கொடியோடு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் சிவதாணு எஞ்சினை அணைக்கவில்லை.

"அணச்சா என்ன? எண்ணெய் வீணாவுதே" என்றாள் சுகிர்தபாய்.

"ஓடிட்டே இருக்கட்டும் நர்சம்மா. அதாக்கும் அதுக்கு நல்லது" என்றார் அவர். நெற்றி வியர்த்திருந்தது.

ஊர்வலம் நகரவில்லை, முக்கில் நின்று ஒருவர் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் ஜீப்பின் மூக்கிலிருந்து மெல்லிய புகை வந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் ரேடியேட்டர் மூடி தெறித்து, வெந்நீர் தென்னை ஓலை உயரத்துக்குச் சீறியது. வெடிகுண்டு என்று யாரோ சொல்ல, முன்வரிசை பின்வரிசையின்மேல் விழுந்தது. விசிலூதிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். பிரசங்கியார் மட்டும் நிதானமாக இறங்கி வந்து, தமக்கு வைத்திருந்த சோடாவை ரேடியேட்டரில் ஊற்றினார். எஞ்சின் ஒரு விக்கல் விட்டு நின்றது. அப்புறம் எத்தனை பேர் தள்ளியும் உயிர் வரவில்லை. சுகிர்தபாய் திரும்பிப் பார்த்தபோது சிவதாணுவைக் காணோம். ஊர்வலத்தின் நடுவில், எவனோ பிடித்திருந்த கொடியை வாங்கிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்டபடி போய்க்கொண்டிருந்தார்.

"பெயிண்டு நல்ல பெயிண்டாக்கும்" என்றான் தேவகுமார், மனசு கேட்காமல்.

அடுத்த வாரம் பஸ் ஓடிய ஒரு நாளில் காட்டாக்கடைக்குப் போனார்கள். பர்மாவில் பட்டாள வண்டி ஓட்டிய தங்கையன் அங்கே இருந்தார். அவருடைய ஜீப்பு வாழைக்குலை சுமக்கும் வண்டி. மேலே கூரை இல்லை, பெயிண்டு இருந்த இடத்தில் துரு. தேவகுமார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தங்கையன், கேட்பதற்கு முன்பே குறைகளைச் சொல்லத் தொடங்கினார். ஹாரன் கிடையாது. இடதுபக்கத் தரையில் ஓட்டை உண்டு, கால் வைக்கும்போது கவனம் வேண்டும். முதல் கியரைக் கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் கழன்றுவிடும். சொல்லிவிட்டு, விலை இரண்டாயிரத்து இருநூறு என்றார். விற்க அவருக்கு மனசில்லை. முதுகுவலிக்காரனுக்கு எதற்கு ஜீப்பு என்று மனைவி சரோஜம் தந்த தொல்லை தாங்காமல்தான் இறங்கி வந்திருந்தார். மனுஷன் வாங்க வந்தவளை எப்படியாவது திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்பது சுகிர்தபாய்க்குப் புரிந்தது. அதனாலேயே அவரை நம்பினாள்.

மழையில் நனைந்துகொண்டே ஆரியன்கோடு பக்கமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே ரப்பர் மரம் வெட்டிப் போட்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று தங்கையன் சொல்லும்போதே, மரத்தைத் தாண்டிக் குதித்து ஒருவன் ஓடிவந்தான். மனைவியின் பேறுகாலத்துக்குச் சுகிர்தபாயைத் தேடிப் பஸ் ஏறத்தான் புறப்பட்டவன்.

"சிஸ்டரே, வேகம் வரணும். அவளுக்கு நோவு தொடங்ஙி" என்றான். வீடு, மழைத்தண்ணீர் பெருகி ஓடும் தோட்டுக்கு அக்கரையில், வயல் தாண்டி இருந்தது.

சுகிர்தபாய் தங்கையனைப் பார்த்தாள். "வண்டி தோடு கடக்குமா?"

"வண்டி கடக்கும். எனக்காக்கும் பயம்" என்றார் அவர். ஆனாலும் வண்டியை வயல்பக்கம் திருப்பினார்.

முதல் கியரைத் தேவகுமார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஜீப்பு வரப்பில் சரிந்து, சேற்றில் உறுமி, தோட்டில் இறங்கியது. தரை ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே பீறிட்டபோது சுகிர்தபாய் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். நடுத்தோட்டில் ஒரு கணம் வண்டி யோசித்தது. அவள் ஜெபித்தாள். பிறகு, எருமை கரையேறுவதுபோல் அவசரமில்லாமல் ஏறிப் போய் அந்த வீட்டு முற்றத்தில் நின்றது.

ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சுகிர்தபாய் வெளியே வந்தபோது தங்கையன் முற்றத்துக் கல்லில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். குண்டு விழுந்த ஊரில் வண்டி ஓட்டியவர், நாலு பிள்ளைகளின் தகப்பன். ஆனால் பேறுகாலச் சத்தத்தை இத்தனை பக்கத்தில் கேட்டதில்லையாம்.

"ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்துக்கிடுங்க நர்சம்மா. அதுக்கும் கொறச்சாலும் சரிதான்" என்றார்.

அவளுக்கு உள்ளுக்குள் குதூகலமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிப் பயந்துபோயிருந்த மனுஷனிடம் பேரத்தை முடிக்க மனசு வரவில்லை. "இப்பம் ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே. நல்லா உறங்கி எழும்புங்க. நாளைக்கு வாறேன், அப்பம் பேசுவோம்" என்றாள். வழி முழுவதும் தேவகுமார் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான்.

மறுநாள் அவன் பயந்தபடியே நடந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த தங்கையன் இரண்டாயிரம் என்றார். தன்னிடம் இருப்பது ஆயிரத்து எண்ணூறுதான் என்றாள் சுகிர்தபாய். உள்ளேயிருந்து சரோஜம் வந்தாள்.

"நம்ம மகளுக்கு ஆறு மாசமாக்கும். நீங்க தோட்டுல எறக்குன வண்டியும் இந்த நர்சுப் பிள்ளயும் அவளுக்கு நோவு வாற அன்னைக்கு இங்க வரணுமா வேண்டாமா?" என்று புருஷனைக் கேட்டாள். அதோடு விலை முடிந்தது. தங்கையன் பாறசாலைவரை தாமே ஓட்டி வந்து விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் பஸ் ஏறினார்.

ஒரு மாதத்தில் சுகிர்தபாய் தானே ஓட்டப் பழகிவிட்டாள். செங்கல் என்ற ஊர்ப்பக்கம் ஒரு அவசரத்துக்குப் போகும்போது ரோட்டில் தென்னைமரம் போட்டு மறித்திருந்தார்கள். பத்துப் பேர். கொடி கட்டினால்தான் விடுவோம் என்றான் ஒருவன்.

"எலே மக்கா, இது பேறுகாலத்துக்குப் போற வண்டியாக்கும். கொடி கட்டணும்னா ஆளுக்கொரு பிள்ளயப் பெத்துட்டு வாங்க. கட்டித் தாறேன்" என்றாள்.

பத்துப் பேரும் சிரித்தார்கள். மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். அவள் போனதும், திரும்ப அதே இடத்தில் இழுத்துப் போட்டார்கள்.